ஏழுபுளியில் ஒரு சான்றுப்பொருள்

சாலையில் முதியோர் சாகாமல் தடுக்க மானிட வர்க்கம் இதுவரை கண்டுபிடித்த உபாயங்களில் தலைசிறந்தது எது என்று கேட்டால், சீமைக்காரர்கள் சிவப்பு விளக்கு என்பார்கள், டில்லிக்காரர்கள் விழிப்புணர்வு என்பார்கள். இரண்டும் ஏழுபுளியைப் பார்க்காதவர்கள் பேச்சு. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில், மலை இறங்கி முடிகிற இடத்தில் ஏழுபுளி என்று ஒரு நிறுத்தம். அங்கே இரண்டு வருஷத்துக்கு மேலாக ஒரு கிழவர்கூட, ஒரு கிழவிகூட வண்டியில் அடிபட்டுச் சாகவில்லை. இந்த மகத்தான சாதனைக்கு உரிமை கொண்டாட ஓர் ஆலோசனைக் குழு இருந்தது, ஒரு காவல் நிலையம் இருந்தது, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கூட ஒன்று இருந்தது. உண்மையில் அதைச் செய்தது ஒரு புளியமரம். அதுவும் படுத்துக்கொண்டே செய்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ரோட்டோரம் வரிசையாக ஏழு புளியமரம். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பட்டை அடித்துக் கறுப்பு மையில் எண் போட்டிருக்கும். ஊர் மேற்கே. ரேஷன் கடையும் தண்ணீர்க் குழாயும் கிழக்கே. ஊர் மேற்கே இருக்கும்போது கடையைக் கிழக்கே ஏன் வைத்தார்கள் என்று கேட்பது பொதுநலம் புரியாதவர் கேள்வி. கிழக்கேதான் தெய்வசிகாமணி முதலாளியின் காலிக் கொட்டகை இருந்தது. வெறும் மாத வாடகைக்கு அவர் அதைப் பொதுமக்களுக்குத் "தானமாக" விட்டிருந்தார்.

வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஓடுகிற ஜீப்புகளில் மூன்று அவருடையவை. மலையின் கடைசி இரண்டு மைல் நல்ல இறக்கம். அங்கே வந்ததும் டிரைவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் வண்டியை அதன் போக்கில் விட்டுவிடுவார்கள். டீசல் மிச்சம். "டீசல் சேமிப்பு தேச சேவை" என்று மூன்று ஜீப்பின் முதுகிலும் முதலாளி எழுதியே வைத்திருந்தார். அப்படிச் சேவை செய்துகொண்டு வருகிற ஜீப், இருபத்தைந்து மூட்டை கடுக்காயும் பதினாறு ஆளுமாக, பூனை மாதிரி ஏழுபுளிக்கு வந்து சேரும்.

இளசுகளுக்கு இதில் தொந்தரவு இல்லை. கண்ணால் பார்ப்பார்கள், காலால் தாண்டுவார்கள். கிழவர்கள் காதை நம்பி ரோட்டைக் கடக்கிறவர்கள். சத்தம் வந்தால் நிற்பார்கள், வராவிட்டால் நடப்பார்கள். ஐந்து வருஷத்தில் ஒன்பது பேர் அப்படி நடந்தார்கள்.

ஒன்பதையும் காவல் நிலையத்தில் ஒழுங்காகவே பதிவு செய்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ரோட்டை யார் கவனமில்லாமல் கடந்தது? கிழவர். அப்படியானால் வழக்கில் எதிரி, அதாவது குற்றவாளி, யார்? கிழவரேதான். எதிரி இறந்துவிட்டபடியால் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது. ஒரே தாளில் குற்றமும் தீர்ப்பும் முடிந்து, ஒன்பது கோப்பும் நூல் கட்டி அடுக்கப்பட்டன. இத்தனை வேகமாக நீதி கிடைக்கிற இடம் தாலுகாவில் வேறு இல்லை.

ஒன்பதாவது எதிரி காத்தவராயன். அவர் பெண்சாதி கொளஞ்சியம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வீடும் ஆடும் மேற்கே. கிழக்கே ரேஷன் கொட்டகைக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கிற அமலோற்பவத்தோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு நாளைக்கு மூன்று முறை வருவாள், மூன்று முறை போவாள். பத்தாவது ஆள் யார் என்பதில் ஏழுபுளியில் இரண்டு கருத்து இல்லை. கொளஞ்சியம்மாளுக்கே இல்லை.

அமலோற்பவத்துக்குத்தான் அதில் சம்மதம் இல்லாமல் இருந்தது. அவளுக்கு அறுபத்தாறு வயது. மலையிலிருந்து இறங்குகிற புளி, கடுக்காய், சாமை, சீத்தாப்பழம் எல்லாவற்றையும் இறங்கின இடத்திலேயே மடக்கி வாங்கி விற்பவள். விலை கேட்கும்போது சரக்கைப் பார்க்க மாட்டாள், ஆகாயத்தைப் பார்ப்பாள். எதிராளி சொன்ன விலையில் பாதியைச் சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். மெல்லத் தொடங்கினால் பேரம் முடியப்போகிறது என்று அர்த்தம். "உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்" என்று அவள் நடுவில் நிறுத்துகிற விலை எப்போதும் அவள் பக்கமே ஒரு சாண் சாய்ந்திருக்கும். நாற்பது வருஷமாக யாரிடமும் எதையும் சொன்ன விலைக்கு விட்டுக்கொடுக்காதவள், கொளஞ்சியம்மாளை மட்டும் ஓசியில் ஒரு ஜீப்புக்குக் கொடுப்பாளா?

இந்தப் பக்கமே வந்து தங்கச் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்காரர் கட்டின வீட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள் கொளஞ்சியம்மாள். அமலோற்பவம் முதலாளியிடம் போய், இறக்கத்தில் இன்ஜின் போட்டுவரச் சொல்லக் கூடாதா என்று கேட்டாள். டீசல் விலை தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மேடு போட்டுத் தரச் சொல்லி ரோட்டு இன்ஜினியரிடம் மனு கொடுத்தாள். மேடு போட்டால் வண்டிகள் நின்று போக வேண்டியிருக்கும், அது ரோட்டின் நோக்கத்துக்கே விரோதம் என்று பதில் வந்தது.

அப்போதுதான் 1987 செப்டம்பர் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது, கொடுக்க வேண்டியவர்களிடம் அவகாசம் இருந்தது, நடுவில் மரங்கள் இருந்தன. ஏழுபுளியில் அறிவுச்செல்வன் என்கிற பத்தொன்பது வயதுப் பையனும் அவன் சேக்காளிகள் மூன்று பேரும் சேர்ந்து ரம்பம் போட்டு ஐந்தாம் எண் புளியமரத்தை ரோட்டில் சாய்த்தார்கள். ஒரு வாரம் ரோட்டில் ஆடுதான் மேய்ந்தது. கொளஞ்சியம்மாள் ரோட்டின் நடுவிலேயே உட்கார்ந்து கொட்டை எடுத்தாள்.

மறியல் முடிந்ததும் கிளைகளை வெட்டி வழி விட்டார்கள். அடிமரத்தைப் புரட்டினார்கள். மூன்று ஆள் கட்டிப் பிடிக்கிற மரம். பாதி ரோட்டுக்குப் புரண்டு, அதற்குமேல் மாட்டேன் என்றது. சங்கிலி கொண்டுவரப் போனார்கள். சங்கிலிக்கு முன்னால் போலீஸ் வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் தமிழரசன் மரத்தைச் சுற்றி வந்து, இது வழக்கின் சான்றுப்பொருள், வழக்கு முடியும்வரை ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். பழைய வெள்ளைப் பட்டையின்மேல் ஏட்டு புதிதாகக் குற்ற எண் எழுதினார். சாட்சி தேடினார்கள். ஓடத் தெரிந்தவர்கள் எல்லாம் ஓடியிருந்தார்கள். ஓட முடியாமல் அங்கேயே இருந்தவர்கள் அமலோற்பவமும் கொளஞ்சியம்மாளும். இருவரையும் நேரில் கண்ட சாட்சிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் மாதம் மரத்தைத் திட்டாத டிரைவர் இல்லை. பாதி ரோட்டை அது அடைத்துக்கொண்டிருக்க, மிச்சத்தில் ஒரு வண்டிதான் போகும். இறக்கத்தில் பூனை மாதிரி வந்த ஜீப், மரத்துக்கு முன்னால் நின்றாக வேண்டும். நின்றால் மறுபடி இன்ஜின் போட வேண்டும். போட்டால் உறுமும், எதிரே வருகிறவனுக்கு ஹாரன் அடிக்கும், டிரைவர் கிளீனரைத் திட்டுவான், கிளீனர் மரத்தைத் திட்டுவான். இத்தனை சத்தம் கேட்டால் கொளஞ்சியம்மாள் நின்றுவிடுவாள்.

மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. ஒருவரும் சாகவில்லை. இந்தக் கணக்கை முதலில் போட்டது அமலோற்பவம்தான். போட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. சரக்கு நல்லதென்று முதலில் தெரிந்துகொண்டவர் அதை வெளியே சொல்வது வியாபாரம் ஆகாது.

ஆனால் சாதனை என்று ஒன்று இருந்தால் அதற்குத் தலைவர் என்று ஒருவர் இல்லாமலா? 1989 ஜனவரியில் "கள்ளக்குறிச்சி வட்டார மூத்தோர் சாலைப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு" தன் பாதுகாப்பு வாரத்தைக் கொண்டாடியது. குழுவின் தலைவர், மூன்று ஜீப்புக்குச் சொந்தக்காரரான தெய்வசிகாமணி முதலாளி. சாலையைப் பற்றி அவரைவிட அனுபவம் உள்ளவர் யார்? ஏழுபுளியில் விபத்தே இல்லை என்று புள்ளிவிவரம் சொன்னதால், முதியோர் பிரதிநிதியாக அமலோற்பவத்தைக் கள்ளக்குறிச்சிக்குக் கூப்பிட்டு, மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். தம் குழு அச்சிட்ட நாலாயிரம் துண்டுப்பிரசுரமே இந்த வெற்றிக்குக் காரணம் என்று நிரூபித்துவிட்டு, அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார்.

"நம்ம துண்டுப்பிரசுரம் உங்களுக்குப் பயன்பட்டுதாம்மா?"

"ரொம்பங்க. நல்ல காயிதம். கால் படி கடலை தாங்குது."

"அதுல இருக்கிற விஷயம்?"

"படிக்கத் தெரியாதுங்களே."

"பரவாயில்லை. கையில வச்சிருந்தாலே ஒரு ஜாக்கிரதை வரும். சரி, ஒன்றரை வருஷமா உங்க ஊர்ல சாவு இல்லை. அது எதனாலன்னு உங்க வாயாலயே சபைக்குச் சொல்லுங்க."

நாலு பேர் முன்னால் நேருக்கு நேர் கேட்டுவிட்ட பிறகு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"மரத்தாலங்க."

சபை கை தட்டியது. மரம் வளர்ப்பின் அவசியத்தையும் அம்மையார் அழகாக எடுத்துரைத்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அதன்பின் தீர்மானங்கள். ஆறாவது, ஏழுபுளியில் விபத்தில்லாத நிலை என்றென்றும் தொடர வேண்டும். ஏழாவது, ஏழுபுளியில் போக்குவரத்துக்கு இடைஞ்சலாகக் கிடக்கும் மரத்தை வழக்கு முடிந்த மறுநாளே அகற்ற வேண்டும். இரண்டும் ஒருமனதாக நிறைவேறின. அமலோற்பவத்துக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடிற்று. வழக்கு முடிந்த மறுநாளே என்றால், வழக்கு முடியக் கூடாது.

வக்கீல் குமாஸ்தா பிலிப்பு அவளுக்குத் தங்கை மகன் முறை. கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தாள். அவன் விரலை மடக்கிச் சொன்னான். நீங்கள் பார்த்ததாகச் சாட்சி சொன்னால் தண்டனை, பார்க்கவில்லை என்று சொன்னால் விடுதலை. இரண்டிலும் வழக்கு முடிந்துவிடும், மரம் ஏலத்துக்குப் போய்விடும்.

"வரலைன்னா?"

"வாய்தா, பெரியம்மா."

அன்று தொடங்கி இரண்டு கிழவிகளும் முறைவைத்து நோயில் விழுந்தார்கள். ஒரு வாய்தாவுக்கு அமலோற்பவத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்ததற்குக் கொளஞ்சியம்மாளுக்கு மாரடைப்பு வந்தது. அது முழங்கால் வலிதான் என்று அதற்கடுத்த வாய்தாவில் திருத்தப்பட்டது. ஒருமுறை கொளஞ்சியம்மாள் இறந்துவிட்டதாகவே தகவல் போய், ஏட்டு துக்கம் விசாரிக்க வந்தார். வந்தவருக்குக் கொளஞ்சியம்மாளே மோர் கொடுத்து அனுப்பினாள்.

எல்லாம் அறிவுச்செல்வன் வந்து கடை முன்னால் குந்தும்வரை நன்றாகத்தான் நடந்தது. இப்போது அவனுக்கு இருபத்தொன்று. மீசை வந்திருந்தது, பேச்சில் இருந்த தெனாவட்டு போயிருந்தது.

"ஆயா, எனக்கு வேலை வந்துக்கீது. ஒதுக்கீட்டுல. பஸ்ஸுல கண்டக்டர்."

"நல்லதுடா சாமி. அதுக்குத்தான மரத்த அறுத்த."

"அந்த மரந்தான் ஆயா இப்ப என்ன அறுக்குது. கேஸு இருக்கிற வரைக்கும் வேலை கெடையாதுன்றாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு தபா கோர்ட்டாண்ட வந்து, இவன் இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிடும்."

அமலோற்பவம் ஆகாயத்தைப் பார்த்தாள். "தை வரைக்கும் பொறுத்துக்க."

"ஆடிக்குள்ள சேரணும் ஆயா."

"பொங்கலும் வேணாம், ஆடியும் வேணாம். ஐப்பசி."

"இது புளி இல்ல ஆயா. என் வயித்துப் பொழப்பு."

அவள் வெற்றிலையை எடுக்கவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பேரத்தில் எதிராளி சொல்வதும் நியாயமாக இருந்தது. பக்கத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள், அவன் குரல் வந்த திசையில் கொஞ்சம் தள்ளியே முகத்தை வைத்துக்கொண்டு, "போய்ச் சொல்லிடலாம்க்கா. சின்னப் பையன். நான் போற கட்ட" என்றாள்.

"நீ சும்மா கெட. உன்ன வெல கேட்டாங்களா?" என்று அமலோற்பவம் சீறினாள்.

அறிவுச்செல்வனுக்கும் மனசாட்சி இருந்தது. காத்தவராயனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவனும் ஒருவன். தலையைச் சொறிந்துவிட்டு, "வோணும்னா ராவோட ராவா ஆறாம் நம்பரையும் சாச்சிப் போட்டுடட்டுமா ஆயா?" என்றான்.

"அறிவுன்னு பேரு வச்சான் பாரு உங்கப்பன். அது வேற கேஸு ஆயிடும்டா. நீ உள்ள போயிடுவ."

சொல்லிவிட்டு அவளே திரும்பி மரத்தைப் பார்த்தாள். வேற கேஸு. மரம் அங்கே கிடக்க ஒரு கேஸு வேண்டும், அவ்வளவுதான். அது இவன் கேஸாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

யோசித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது. ஒதுக்கீடு கொடுத்த கையோடு, போராட்ட வழக்குகள் சிலவற்றை வாபஸ் வாங்குகிறார்கள். ஏழுபுளி வழக்கும் அதில் ஒன்று. அறிவுச்செல்வன் ஊருக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தான். அன்று சாயங்காலமே ரோட்டுக்காரர்கள் வந்து மரத்தின்மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். வரும் திங்கட்கிழமை பொது ஏலம். தெய்வசிகாமணி முதலாளி மறுநாளே வந்து மரத்தைக் காலால் அளந்து பார்த்தார். கதவும் நிலையும் எத்தனை தேறும் என்று அவர் ஆசாரியிடம் கேட்டது கடைவரை கேட்டது.

சனிக்கிழமை காலையில் அமலோற்பவம் கொடுவாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கொளஞ்சியம்மாளையும் கையைப் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தமிழரசன் அப்போது பெருந்துயரத்தில் இருந்தார். வழக்கு வாபஸ் ஆனதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஐந்தாம் எண் மரத்தை வெட்டியது யார், அதற்கு யார் பொறுப்பு என்று ரோட்டுக்காரர்கள் எழுதிய நாலு கடிதம் மேசையில் இருந்தது. வெட்டினவர்கள் வெட்டவில்லை என்று ஆகிவிட்டது. மரமோ விழுந்து கிடக்கிறது. தணிக்கைக்காரர் வந்தால், தானே விழுந்தது என்றா எழுதுவது?

"ஐயா, மரத்த வெட்டுனது நான்தாங்க" என்று அமலோற்பவம் கொடுவாளை மேசையில் வைத்தாள்.

அவர் அவளையும் பார்த்தார், கொடுவாளையும் பார்த்தார். "நீங்க போராட்டத்துல இருந்தீங்களா?"

"இல்லீங்க. நாங்க வேற. கோயிலுக்குப் போற ஆளுங்க, மாதா கோயிலு. எங்களுக்கு அந்த ஒதுக்கீட்டுல பங்கு இல்லீங்க."

"அப்போ வாபஸ் உங்களுக்குப் பொருந்தாது" என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "எதுக்கு வெட்டுனீங்க?"

"வெறவுக்குங்க."

"இந்தக் கத்தியால? அந்த மரத்த?"

"ஒரு வாரம் டைம் இருந்துச்சுங்களே. ரோட்டுல ஒரு வண்டி வரலை."

"மரத்துல ரம்பம் போட்ட தடம் இருக்குதே."

"கத்தி பல்லுப் பல்லா ஆயிட்டுதுங்க. கடசில கிட்டத்தட்ட ரம்பம் மாதிரிதான் இருந்துச்சு."

தமிழரசனுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் நாலு கடிதத்துக்கு இருந்த எடை சந்தேகத்துக்கு இல்லை. "இதுக்குச் சாட்சி இருக்குதா?"

கொளஞ்சியம்மாள் முன்னால் வந்து, தொப்பி மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் பாத்தேன் சாமி. இந்த ரெண்டு கண்ணால."

அவர் தொப்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, காகிதம் எடுத்து எழுதத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பிலிப்பு ஓடி வந்தான். பெரியம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்க வந்தவன், விஷயத்தைக் கேட்டதும் வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சட்டத்தில் இப்படி ஓர் அழகை அவன் அதுவரை பார்த்ததில்லை. போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது, ஆனால் வழக்கு செல்லும் என்றான். சாட்சி எத்தனை பேரோ அத்தனை வருஷம் வழக்கு இழுக்கும் என்றான். இருட்டுவதற்குள் ஏழுபுளியில் அறுபது தாண்டின பதினாலு பேர், கொளஞ்சியம்மாளையும் சேர்த்து, நாங்களும் பார்த்தோம் என்று நிலையத்தில் போய் வரிசையில் நின்றார்கள். இவ்வளவு ஒத்துழைப்புக் கொடுக்கிற பொதுமக்களைத் தமிழரசன் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. பதினாலு பெயரையும் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஏலம் நடக்கவில்லை. ஏட்டு வந்து ஏலத் தாளைக் கிழித்துவிட்டு, பழைய குற்ற எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதினார். முதலாளி ஆசாரியைத் திருப்பி அனுப்பினார். எதிரியை அப்போதே சொந்த ஜாமீனில் விட்டார்கள். ஓடிப்போகிற எதிரி இல்லை என்பதில் நிலையத்துக்குத் திருப்தி.

முதல் விசாரணை அன்று கோர்ட்டில் நல்ல கூட்டம். பதினாலு சாட்சிகளும் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார்கள். அறிவுச்செல்வன் காக்கிச் சட்டையும் பையுமாக, ஷிப்ட் முடிந்து நேராக வந்து கதவோரம் நின்றான். நடுவர் குற்றச்சாட்டை வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகக் கூண்டைப் பார்த்தார்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கினா இன்னாங்க ஆவும்?"

"இன்னைக்கே முடிஞ்சிடும். வயசைப் பார்த்து ஏதோ சின்ன அபராதம். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"மரங்க?"

"மரம் எதுக்கு அதுக்கப்புறம்? அதையும் எடுத்துடுவாங்க."

"அப்ப நான் வெட்டலீங்க."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. நடுவர் சிரிக்கவில்லை. கோப்பைப் புரட்டினார், எதிரியின் வயதைப் பார்த்தார், சாட்சிகளின் வயதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பாட்டி, இல்லைன்னு சொன்னா வழக்கு வருஷக்கணக்கா நடக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்க வந்து இந்தக் கூண்டுல நிக்கணும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"நிக்கிறேங்க. நான் இங்க வந்து நின்னா அங்க வண்டிங்க நிக்கிதுங்க."

அவர் பேனாவை மூடி, மறுபடி திறந்து, மூன்று மாதம் தள்ளித் தேதி எழுதினார். எழுதும்போது தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு நாலு வாய்தா போய்விட்டது. குழு இரண்டாவது சான்றிதழும் கொடுத்துவிட்டது. ஜீப்புகள் மரத்தடியில் நின்று உறுமுகின்றன. கொளஞ்சியம்மாள் மூன்று முறை வருகிறாள், மூன்று முறை போகிறாள். பதினாலு சாட்சிகளில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். இருவரும் அவரவர் வீட்டில், அவரவர் பாயில், பிள்ளைகள் வாயில் பால் ஊற்ற, சாவகாசமாகச் செத்தார்கள். ஏழுபுளியில் அப்படி ஒரு சாவைப் பார்த்து ஊருக்கு வெகுநாள் ஆகியிருந்தது. எழவுக்கு வந்தவர்கள் எந்த வண்டி என்று கேட்க வழியில்லாமல், வேறு என்ன கேட்பது என்றும் தெரியாமல் திணறினார்கள்.

மிச்சம் பன்னிரண்டு சாட்சிகள். ஒருவருக்கு ஒரு வருஷம் என்றால் கொளஞ்சியம்மாளின் ஆயுசுக்குத் தாராளம் என்று பிலிப்பு சொல்கிறான். சென்ற வாய்தாவில், கால் கடுக்க நிற்கிறாளே என்று நடுவர் கூண்டுக்குள் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். அமலோற்பவம் உட்கார மறுத்துவிட்டாள். உட்கார்ந்தால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

அந்த ரோட்டில் ஒன்பது பேர் செத்ததற்காக இதுவரை ஒருவரும் அந்தக் கூண்டில் ஏறியதில்லை. பத்தாவது ஆள் சாகாமல் இருப்பதற்காக ஒருத்தி ஏறி நிற்கிறாள்.